உரத்துக்குள் இருக்கும் இரண்டு கட்டுகள்: அயனிப் பிணைப்பும் சகப் பிணைப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், இரண்டரை ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு பாட்டில் இருந்தது. அதன் அடியில் தயிர்போல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. "ஐயா, கடைக்காரர் எனக்குப் போலிச் சரக்கு கொடுத்து ஏமாற்றிவிட்டார். இதைச் சோதித்து எழுதிக் கொடுங்கள், நான் புகார் கொடுக்க வேண்டும்" என்றார்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அவருடைய சம்பா நடவில் துத்தநாகக் குறை வந்து, இலைகளில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றியிருந்தன. துத்தநாக சல்பேட் தெளிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கூலியை மிச்சப்படுத்த எண்ணி, டி.ஏ.பி. ஊறவைத்துத் தெளிந்த நீரையும் துத்தநாக சல்பேட் கரைசலையும் ஒரே பீப்பாயில் ஊற்றிக் கலக்கியிருக்கிறார். கரைசல் பால்போல் வெளுத்துவிட்டது. தெளிப்பானின் நாசில் நான்கு முறை அடைத்தது. எப்படியோ தெளித்து முடித்தார். பதினைந்து நாள் கழித்தும் பயிர் தேறவில்லை. உரத்தின் விலை, ஆள் கூலி, தெளிப்பான் வாடகை எல்லாம் வீண். கடையில் போய்ச் சண்டையும் போட்டுவிட்டார். பல ஆண்டுகளாக அவருக்குக் கடனுக்கு உரம் கொடுத்து வந்த கடை அது.

மீதியிருந்த இரண்டு உரங்களையும் தனித்தனியே சோதித்தேன். இரண்டும் நல்ல சரக்கு. "தனித்தனியே நல்லவை, சேர்த்தால் கெட்டுப்போகும்" என்றேன். அவர் விடவில்லை. "சென்ற மாதக் கூட்டத்தில், துத்தநாக சல்பேட்டை யூரியாவோடு கலந்து தெளிக்கலாம் என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள்? யூரியாவும் உரம், டி.ஏ.பி.யும் உரம். ஒன்றோடு கலக்கலாம், இன்னொன்றோடு கலக்கக்கூடாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கூட்டத்தில் நான் விதியைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால் டி.ஏ.பி.யைக் கலக்கும் முன் அவரே யோசித்திருப்பார். அன்று அவருக்குச் சொன்ன காரணத்தைத்தான் இந்த வாரம் எல்லா விவசாயப் பெருமக்களுக்கும் சொல்லப்போகிறேன். அணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதுதான் அது. பள்ளிக்கூடப் பாடம்போல் தோன்றினாலும் இது கழனிக்கு மிகவும் வேண்டிய பாடம்.

அணுவும் அதன் வெளிக்கூடும்

உலகிலுள்ள எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே அணுக்கரு இருக்கிறது. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள் உள்ளன. கருவைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் அடுக்கடுக்கான கூடுகளில் இருக்கின்றன. சாதாரண நிலையில் இரண்டின் எண்ணிக்கையும் சமம். ஆகவே அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை.

அணுக்கள் சேர்வதும் பிரிவதும் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்தது. பெரும்பாலான அணுக்களுக்கு வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிறைவு. மிகச் சிறிய ஹைட்ரஜனுக்கு இரண்டே போதும். நிறைவு இல்லாத அணு வேறோர் அணுவைச் சார்ந்தே அந்த நிறைவை அடைய முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கொடுத்து வாங்குவது, மற்றொன்று பொதுவில் வைத்துக்கொள்வது. இந்த இரு வழிகளையும் 1916-ஆம் ஆண்டில் விளக்கியவர்கள் இருவர். கொடுத்து வாங்கும் முறையை ஜெர்மனியின் கோசலும், பொதுவில் வைத்துக்கொள்ளும் முறையை அமெரிக்காவின் லூயிஸும் எடுத்துச் சொன்னார்கள்.

கொடுத்து வாங்குவது: அயனிப் பிணைப்பு

சோற்றுப்பை எடுத்துக்கொள்வோம். அது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள். அவை 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் எட்டு வெளிக்கூடாகிவிடும். குளோரினில் 17 எலக்ட்ரான்கள், 2, 8, 7 என்ற அடுக்கு. எட்டுக்கு ஒன்று குறை. சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இருவர் குறையும் தீர்ந்தது.

ஆனால் கணக்கில் ஒரு மாற்றம் ஏற்பட்டுவிட்டது. சோடியத்தில் 11 புரோட்டானுக்கு 10 எலக்ட்ரான்தான் மிச்சம். ஆகவே அதற்கு ஒரு நேர்மின்சுமை. குளோரினில் 17 புரோட்டானுக்கு 18 எலக்ட்ரான். ஆகவே அதற்கு ஓர் எதிர்மின்சுமை. இப்படி மின்சுமை ஏறிய அணுவுக்கு அயனி என்று பெயர். எதிரெதிர்ச் சுமைகள் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பே அயனிப் பிணைப்பு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உப்புக் கல்லில் ஒரு சோடியம் ஒரு குளோரினோடு மட்டும் கட்டுண்டு இருப்பதில்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள் என்று, செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கியிருக்கும். யாருக்கு யார் சொந்தம் என்ற உறவு அங்கே இல்லை. தண்ணீரில் போட்டால் அடுக்கு கலைந்து, ஒவ்வோர் அயனியும் தனியாளாக அலையும். வழியில் வேறு அயனி வந்தால் அதனோடு சேரவும் தயங்காது. என்னைத் தேடி வந்தவரின் பாட்டிலில் நடந்தது இதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நாம் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியமும் குளோரினும் இதேபோல் சேர்ந்தது. ஜிப்சத்தில் கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்து இரட்டை நேர்மின்சுமையோடு இருக்கிறது. துத்தநாக சல்பேட்டில் துத்தநாகமும் மயில்துத்தத்தில் செம்பும் அப்படியே.

கொடுத்து வாங்குவதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், மயில்துத்தக் கரைசலில் சுத்தமான அரிவாளின் நுனியை ஒரு நிமிடம் தோய்த்து எடுங்கள். செம்பு நிறம் ஏறியிருக்கும். அரிவாளின் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்க, கரைசலில் இருந்த செம்பு அயனி அவற்றை வாங்கிக்கொண்டு வெறும் செம்பாக மாறி ஒட்டிக்கொள்கிறது. போர்டோ கலவை தயாரிக்கும் கொடிக்கால்காரர்களுக்கு இது பழகிய சோதனை.

பொதுவில் வைத்துக்கொள்வது: சகப் பிணைப்பு

எல்லா அணுக்களும் எலக்ட்ரானை அடியோடு கொடுத்துவிடத் தயாராக இருப்பதில்லை. கரிமம், நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவை தமக்குள் சேரும்போது வேறு வழியைக் கையாளுகின்றன. அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்ட பின்னும் கிணற்றைப் பொதுவில் வைத்திருப்பதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். கிணறு ஒன்றுதான். ஆனாலும் இருவர் பத்திரத்திலும் அது இருக்கும், இருவர் கணக்கிலும் அது சேரும். அதுபோல இரண்டு அணுக்கள் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் போட்டு ஒரு ஜோடியாக்கிப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. அந்த ஜோடி இருவர் கணக்கிலும் சேர்கிறது. இதுவே சகப் பிணைப்பு.

தண்ணீரில் ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான், இரண்டு குறை. ஆகவே இரண்டு ஹைட்ரஜன்களோடு இரண்டு ஜோடி பங்கு போட்டுக்கொள்கிறது. அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு ஐந்து, மூன்று குறை. மூன்று ஹைட்ரஜன்களோடு பங்கு. கரிமத்துக்கு நான்கு, நான்கு குறை. ஆகவே அது நான்கு பங்கு போடும்.

பொதுக் கிணற்றில் பங்கு எப்போதும் சரிபாதியாக இருப்பதில்லை அல்லவா? மோட்டார் வலுவானவர் வயலுக்கு நீர் கொஞ்சம் கூடுதலாகவே பாயும். தண்ணீரிலும் அப்படியே. ஆக்சிஜன் எலக்ட்ரான் ஜோடியைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொள்கிறது. அதனால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை சிறிது எதிராகவும் மறு முனை சிறிது நேராகவும் இருக்கும். இந்த முனைகளைக் கொண்டுதான் தண்ணீர் உப்பின் அயனிகளைச் சூழ்ந்து இழுத்துப் பிரித்துக் கரைக்கிறது. எண்ணெயில் இத்தகைய முனைகள் இல்லை. ஆகவேதான் வேப்பெண்ணெய் தண்ணீரில் சேருவதில்லை, நாம் சோப்புக் கரைசலைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

யூரியா முழுக்க முழுக்கச் சகப் பிணைப்பால் ஆன உரம். ஒரு கரிமம், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன் ஆகிய எட்டு அணுக்கள் குடும்பமாகக் கட்டுண்டு ஒரு மூலக்கூறாக இருக்கின்றன. தண்ணீரில் போட்டால் யூரியாவும் நன்றாகக் கரையும். ஆனால் அதன் குடும்பம் கலையாது. மூலக்கூறு மூலக்கூறாகவே பிரிந்து மிதக்கும். அதற்கு மின்சுமையும் கிடையாது.

ஒரே உரத்தில் இரண்டு கட்டுகளும்

சில உரங்களில் இரண்டு பிணைப்புகளும் உண்டு. அம்மோனியம் சல்பேட்டில் ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சகப் பிணைப்பால் சேர்ந்து அம்மோனியம் என்ற குழுவாகின்றன. அந்தக் குழு முழுவதற்கும் ஒரு நேர்மின்சுமை. கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட் குழுவுக்கு இரண்டு எதிர்மின்சுமை. குழுக்களுக்குள் சகப் பிணைப்பு, குழுக்களுக்கு இடையே அயனிப் பிணைப்பு. டி.ஏ.பி.யிலும் அம்மோனியம் குழுவும் பாஸ்பேட் குழுவும் இவ்வாறே சேர்ந்திருக்கின்றன. கரையும்போது குழுக்கள் தனித்தனியே பிரியும், குழுவுக்குள் இருக்கும் கட்டு பிரியாது.

கண்டறிவது எப்படி?

அயனிகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும். யூரியா, சர்க்கரை போன்ற சகப் பிணைப்புப் பொருள்கள் கரைந்த நீரில் அதனால் மின்சாரம் பாய்வதில்லை. உப்பு தண்ணீரில் கரைந்த உடனே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1884-இல் தமது ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியபோது, பேராசிரியர்கள் அதை ஏற்காமல் மிகக் குறைந்த தரமே வழங்கினர். அதே கருத்துக்கு 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மண் பரிசோதனை நிலையத்தில் உங்கள் மண்ணின் மின்கடத்தும் திறனை அளந்து உப்பு அதிகமா, குறைவா என்று சொல்வது இந்த அடிப்படையில்தான். மண்ணிலும் பாசன நீரிலும் அயனிகள் மிகுந்தால் கருவி கூடுதலாகக் காட்டும்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். யூரியாவில் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள பிடிப்பு லேசானது. 133 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். சோற்றுப்பு உருக 801 டிகிரியும், பொட்டாஷ் உருக 770 டிகிரியும் வேண்டும். அடுப்பில் வைத்த தகரத் தட்டில் அந்த வெப்பம் வராது. ஆகவே யூரியாவில் ஒரு சிட்டிகை எடுத்துப் பழைய தகரத்தில் வைத்துச் சூடேற்றினால், நல்ல யூரியா முழுவதும் உருகி, மேலும் சூடாக்க ஆவியாகப் போய்விடும். உப்பு கலந்திருந்தால் அது உருகாமல் தங்கிவிடும். இச்சோதனையைத் திறந்த வெளியில், காற்றுக்கு எதிர்ப்புறம் நில்லாமல், சமையலுக்கு உதவாத தகரத்தில் செய்யுங்கள். வரும் புகையை முகரக்கூடாது. ஐயம் ஏற்பட்டால் முடிவு சொல்ல வேண்டியது உரக்கட்டுப்பாட்டு ஆய்வகமே.

மண் எதைப் பிடிக்கும், எதை விடும்?

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஆகவே நேர்மின்சுமை கொண்ட அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம், துத்தநாகம் ஆகிய அயனிகளை அது பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். எதிர்மின்சுமை கொண்ட நைட்ரேட்டைப் பிடிக்காது. சுமையே இல்லாத யூரியாவையும் ஏறக்குறையப் பிடிக்காது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் மேலுரம் இடுவதில் பாதித் தவறு குறையும்.

யூரியா இட்டவுடன் வயல் நிறைய நீர் பாய்ச்சி மறுபக்கம் வடியவிட்டால், உரம் யூரியாவாகவே அடுத்தவர் வயலுக்கோ வாய்க்காலுக்கோ போய்விடும். மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி அதன் சகப் பிணைப்பை உடைத்து அம்மோனியமாக்க, நமது வெப்பமான மண்ணில் சில நாட்கள் ஆகும். அதுவரை அது பிடிமானம் இல்லாத சரக்கு. ஆகவே நெல் வயலில் நீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது யூரியா இட்டு, பின்பு சிறிதளவே நீர் கட்டி, இரண்டு மூன்று நாட்கள் வடியவிடாமல் காக்க வேண்டும். மடையை நன்றாக அடைத்துவிடுங்கள்.

தோட்டக்கால் நிலத்தில் வேறு வகை நட்டம் உண்டு. யூரியாவை மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டால், அம்மோனியமாக மாறியது அங்கேயே அம்மோனியா வாயுவாகிவிடும். காரத்தன்மையுள்ள மண்ணில் இது விரைவாக நடக்கும். அம்மோனியம் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்தால் மின்சுமையும் போய்விடுகிறது. சுமை போனால் களிமண்ணின் பிடியும் போய்விடுகிறது. பிடி போனது காற்றில் கலந்துவிடும். செடிக்குப் பக்கத்தில் கோடு கிழித்து இட்டு மண்ணால் மூடி, அளவாக நீர் கட்டினால் இந்த நட்டம் குறையும்.

அம்மோனியம் சல்பேட்டையோ டி.ஏ.பி.யையோ சுண்ணாம்புடனும் அடுப்புச் சாம்பலுடனும் கலக்கக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். கலந்த உடனே மூக்கைத் துளைக்கும் நெடி வரும். அது உங்கள் பணம் காற்றில் போகும் வாடை.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின்சுமை கொண்டதால் மண்ணின் பிடியில் நில்லாமல் நீரோடு கீழே இறங்கிவிடும். நீர் தேங்கிய நெல் வயலிலோ வேறு நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கிவிடும். இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தத்தான் 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அப்படியிருந்தும், பிரித்து இடுவதற்கு ஈடான முறை வேறில்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. அதை ஒரே தடவையில் கொட்டினால் பயிர் எடுத்துக்கொள்வது கொஞ்சம், போவது அதிகம்.

களர் நிலத்தில் ஜிப்சம் செய்யும் வேலை

களர் நிலத்துக்காரர்களுக்கு அயனிப் பாடம் மிக முக்கியம். அங்கே களிமண்ணின் மேல் சோடியம் அயனிகள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோடியத்துக்கு ஒரே ஒரு சுமை. மேலும் அது தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டிருக்கும். ஆகவே களித்துகள்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாது. துகள்கள் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் இறங்காமல் கலங்கலாகத் தேங்கும். காய்ந்தால் நிலம் கல்லாக இறுகும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும்.

ஜிப்சத்திலுள்ள கால்சியத்துக்கு இரண்டு சுமை. அது களிமண்ணை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும். துகள்களும் நெருங்கிக் கட்டிகளாகும், நீர் இறங்க வழி பிறக்கும். வெளியேறிய சோடியம் சல்பேட்டுடன் சேர்ந்து நீரில் கரைந்து நிற்கும். அதை வடித்து வெளியேற்றினால்தான் வேலை முடியும். ஜிப்சம் இட்டுவிட்டு வடிகால் இல்லாமல் விட்டவர்கள் "ஒரு பயனும் இல்லை" என்று குறைப்படுவதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். குறை ஜிப்சத்தில் இல்லை. சோடியத்தைக் களிமண்ணிலிருந்து பிரித்துவிட்டு வாசலைப் பூட்டி வைத்தால் அது எங்கே போகும்?

முதலில் நிலத்தைச் சமன்படுத்தி, வரப்பு உயர்த்தி, வடிகால் வெட்டுங்கள். மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சத்தைச் சீராகத் தூவி, நல்ல நீர் கட்டிச் சேற்றுழவு செய்து, இரண்டு நாள் நீரை நிறுத்தி வைத்து வடியுங்கள். இவ்வாறு சில முறை செய்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்.

உவர் நிலம் வேறு. அங்கே உப்புகள் மண்ணில் கரைந்தும் படிந்தும் கிடக்கின்றன, களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. நல்ல நீரால் கழுவி வடிப்பதே பொதுவாகப் போதும். எது உங்கள் நிலம் என்று தெரியாமல் ஜிப்சத்துக்குச் செலவு செய்யாதீர்கள். மண் பரிசோதனை செய்துகொண்டு இறங்குங்கள்.

எதை எதோடு கலக்கலாம்?

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருவோம். துத்தநாக சல்பேட் கரைந்தால் துத்தநாக அயனியும் சல்பேட் அயனியும். டி.ஏ.பி. கரைந்தால் அம்மோனிய அயனியும் பாஸ்பேட் அயனியும். நான்கும் ஒரே பீப்பாயில் சந்திக்கின்றன. அயனிகளுக்குப் பழைய உறவு என்று ஒன்றில்லை என்று சொன்னேன். இரட்டைச் சுமையுள்ள துத்தநாகமும் பாஸ்பேட்டும் ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு மிக வலுவானது, தண்ணீரால் அதைப் பிரிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து துத்தநாக பாஸ்பேட் என்ற கரையாத வெள்ளை மண்டியாகப் படிந்துவிடுகின்றன. கரையாததை இலை ஏற்காது. துத்தநாகமும் போயிற்று, மணிச்சத்தும் போயிற்று.

யூரியாவோ அயனியாகவே பிரிவதில்லை. துத்தநாகத்தோடு சேர்ந்து மண்டியாக அதனிடம் மின்சுமை இல்லை. ஆகவே இரண்டும் ஒரே நீரில் சண்டையின்றி இருக்கும். நெல்லுக்கு 100 லிட்டர் நீரில் துத்தநாக சல்பேட் அரைக் கிலோவும் யூரியா ஒரு கிலோவும் கலந்து தெளிப்பது இதனால்தான் சரிப்படுகிறது. அடியுரமாக இடும்போதும் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து, நடவுக்கு முன் சமன்செய்த சேற்றின் மேல் தூவுங்கள். மணிச்சத்து உரங்களோடு சேர்க்க வேண்டாம்.

பொதுவாக இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம், அம்மோனியம் ஆகிய ஒற்றைச் சுமை அயனிகள் எதோடு சேர்ந்தாலும் பெரும்பாலும் கரையும். ஆகவே டி.ஏ.பி. தெளிந்த நீருடன் பொட்டாஷ், யூரியா கலக்கலாம். கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, செம்பு ஆகிய இரட்டைச் சுமையுள்ளவை பாஸ்பேட்டைச் சந்தித்தால் மண்டி படியும். கால்சியம் சல்பேட்டைச் சந்தித்தாலும் ஜிப்சமாகப் படியும். சொட்டுநீரில் உரம் விடுவோர் கால்சியம் நைட்ரேட்டை ஒரு தொட்டியிலும், பாஸ்பேட், சல்பேட் உரங்களை வேறு தொட்டியிலும் கரைத்து, வெவ்வேறு நேரத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் சொட்டுவான்கள் அடைபடும்.

மண்டி படிவது எப்போதும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். போர்டோ கலவையில் அதுவே நமக்கு வேண்டியது. மயில்துத்தத்தின் செம்பு, சுண்ணாம்பின் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து கரையாத நீலப் படிவாகிறது. அது இலையில் ஒட்டிக்கொண்டு, மழைக்கும் எளிதில் கரையாமல், பூசணத்தைத் தடுக்கிறது. செம்பு கரைந்த நிலையில் மிஞ்சியிருந்தால் இலையைக் கருக்கிவிடும். அதற்காகவே அரிவாள் சோதனை. அரிவாளில் செம்பு ஏறினால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். ஏறாதவரை வந்தபின் தெளியுங்கள். ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. இரும்புப் பாத்திரம் கூடாது. ஏன் கூடாது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தயாரித்து அன்றே உபயோகித்துவிடுங்கள்.

காற்றில் இருக்கும் மூன்று முடிச்சு

கடைசியாக ஒன்று. காற்றில் 78 சதம் நைட்ரஜன். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் மட்டும் ஏறக்குறைய 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் பயிர் அதைத் தொட முடியாது. காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று ஜோடி எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்ப்பது எளிதல்ல. 1909-இல் ஜெர்மனியின் ஹேபர் அதைச் செய்து காட்டினார். 1913 முதல் தொழிற்சாலையில் நடைபெற்று வருகிறது. 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தமும் இதற்கு வேண்டும். நீங்கள் வாங்கும் யூரியாவின் உற்பத்திச் செலவில் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்க்கச் செலவாகும் எரிபொருள்தான்.

அதே முடிச்சைப் பயறுச் செடியின் வேர் முண்டுகளில் உள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அடுப்பும் இன்றி, ஆலையும் இன்றி அவிழ்க்கிறது. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை விதைக்கும்போது உரிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். செலவு சிறிது, வரவு பெரிது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. யூரியாவுக்கு மின்சுமை இல்லை. இட்ட பின் இரண்டு மூன்று நாள் நீரை வடியவிடாதீர்கள். தோட்டத்தில் மண்ணால் மூடுங்கள்.

2. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுங்கள்.

3. துத்தநாக சல்பேட்டை யூரியாவோடு கலக்கலாம். டி.ஏ.பி.யோடு கலக்கக்கூடாது.

4. அம்மோனிய உரங்களைச் சுண்ணாம்பு, சாம்பலோடு கலக்கக்கூடாது.

5. களர் நிலத்துக்கு ஜிப்சமும் வடிகாலும் சேர்ந்தே வேண்டும்.

6. புதிதாக எதையேனும் கலக்க நினைத்தால், முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் பாருங்கள். கலங்கினால், வண்டல் படிந்தால், பீப்பாயில் ஊற்றாதீர்கள். கலங்காவிட்டாலும், பூச்சி மருந்துகளைப் பொறுத்தவரை சீட்டில் உள்ளபடியே நடங்கள்.

அன்று அந்த விவசாயிக்கு இரண்டு தம்ளர்களில் இதைச் செய்து காட்டினேன். ஒன்றில் துத்தநாக சல்பேட்டும் யூரியாவும், மற்றொன்றில் துத்தநாக சல்பேட்டும் டி.ஏ.பி. தெளிவும். முதலாவது தெளிவாகவே நின்றது. இரண்டாவது கண்ணெதிரே வெளுத்தது. சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை ஐயா" என்றார். புகார் எழுதக் கொண்டுவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போகிற வழியில் கடையில் இறங்கிப் பேசிவிட்டுப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மறுவாரம் யூரியாவோடு கலந்து மறுபடி தெளித்தார். பயிர் பச்சை பிடித்தது. முதல் தெளிப்புக்கு ஆன செலவு மட்டும் திரும்பவில்லை.

அந்தச் செலவு உங்களுக்கு வரவேண்டாம். கலக்கும் முன் ஒரு தம்ளர் தண்ணீரில் பார்த்துக்கொள்ளுங்கள்.